சிவப்புக் காகிதம், வெள்ளைக் காகிதம்

ஊரிலிருந்து யார் கல்கத்தா வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு ரவுண்டு வைத்திருக்கிறோம். காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், விக்டோரியா மெமோரியல், கடைசியாக லேக் மார்க்கெட்டில் இறங்கி முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வீடு. (1600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்தவர்களுக்கு முருங்கைக்காயைக் காட்டுவதில் எனக்கு அப்படி என்ன பெருமையோ!)

இந்தத் தடவை வந்தது சித்தப்பா. பத்திரப் பதிவு அலுவலகத்தில் 32 வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, கைநாட்டு என்றே வாழ்ந்தவருக்கு இரண்டு நாளில் கோயிலும் மியூசியமும் அலுத்துவிட்டது. "வேற என்னடா இருக்கு உங்க ஊர்ல?" என்றார்.

"ஒரு கள்ளக் கையெழுத்து கேஸ் இருக்கு சித்தப்பா, பாக்கறீங்களா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார்.

கவர்னர் மாளிகைக்குப் பக்கத்தில் செயின்ட் ஜான் சர்ச் என்று ஒன்று இருக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய மரங்கள், பழைய கல்லறைகள், காக்கா சத்தம். இந்த வளாகத்துக்குள் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று வெள்ளைப் பளிங்கில் ஒரு நினைவுத்தூண். இன்னொன்று அட்மிரல் சார்லஸ் வாட்சன் என்பவரின் கல்லறை. ஒரே வருஷத்துக்குள் இதே ஊரில் சொல்லப்பட்ட இரண்டு பொய்களுக்கு இந்த இரண்டும் சாட்சி. நடந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம்.

முதலில் வெள்ளைத் தூண். பள்ளிக்கூடத்தில் 'இருட்டறைத் துயரச் சம்பவம்' என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்திருப்போமே, அதுதான். 1756 ஜூன் 20. வங்காள நவாப் சிராஜ் உத்தௌலா கல்கத்தாவில் கம்பெனியின் கோட்டையைப் பிடித்துவிட்டார். கவர்னர் டிரேக் முதல் நாளே கப்பலேறி ஓடிவிட்டார். மிச்சமிருந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஜான் ஹால்வெல். அடிப்படையில் ஒரு டாக்டர். (அவர் ஓடாததற்குக் காரணம் வீரமல்ல, அவருக்கு வைத்திருந்த படகும் போய்விட்டதுதான் என்று அப்போதே சிலர் முணுமுணுத்திருக்கிறார்கள்.) பிடிபட்டவர்களை அன்றிரவு கோட்டைக்குள் இருந்த சின்ன சிறை அறையில் அடைத்தார்கள். ஜூன் மாத வங்காளப் புழுக்கம். காலையில் கதவைத் திறந்தபோது பலர் இறந்து கிடந்தார்கள்.

இதுவரை சரி. நடந்திருக்கிறது. கதை தொடங்குவது எண்ணிக்கையில்.

உள்ளே போனவர்கள் 146, உயிரோடு வந்தவர்கள் 23, செத்தவர்கள் 123 என்றார் ஹால்வெல். அறையோ ஏறக்குறைய 18 அடிக்கு 15 அடி. எங்கள் வீட்டு ஹால் கிட்டத்தட்ட அதே அளவுதான். பையன் பிறந்தநாளுக்கு 25 பேர் வந்ததற்கே ஃபேனுக்கு நேர் கீழே யார் உட்காருவது என்று தகராறு! கணக்குப் போட்டால் ஆளுக்கு இரண்டு சதுர அடி கூட வராது. ஒரு நாளிதழின் ஒற்றைப் பக்கம் விரித்த இடம். 'முடியவே முடியாது' என்று ஒரு காலத்தில் பலர் எழுதினார்கள். மும்பை லோக்கலில் மாலை ஆறு மணிக்கு ஏறியவர்கள் 'ஏன் முடியாது' என்பார்கள். எனக்கும் இடக்கணக்கைவிட ஆள்கணக்கில்தான் சந்தேகம். பாதிப்பேர் கப்பலில் ஓடிய பிறகு, இன்னும் பலர் சண்டையில் செத்த பிறகு, கோட்டைக்குள் 146 பேர் எங்கிருந்து வந்தார்கள்? செத்தவர்களுக்கு ஹால்வெல் தன் செலவில் தூண் எழுப்பினாரே, அதில் அவரால் பொறிக்க முடிந்தது ஐம்பதுக்கும் குறைவான பெயர்கள்தான். 1959-ல் பிரிஜேன் குப்தா என்ற வரலாற்று ஆசிரியர் எல்லாச் சாட்சியங்களையும் அலசி, உள்ளே போனவர்கள் சுமார் 64, பிழைத்தவர்கள் 21 என்றார். அப்படியே வைத்துக்கொண்டாலும் 43 பேர். அதுவும் கொடுமைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 43 எப்படி 123 ஆனது?

ஹால்வெல் தன் கதையை எழுதியது 1757 பிப்ரவரியில், இங்கிலாந்துக்குத் திரும்பும் கப்பலில். மாதக்கணக்கில் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன். ஊருக்குப் போனதும் கேட்கப்போகும் கேள்வி அவருக்குத் தெரியும்: 'கோட்டையை விட்டுக் கொடுத்தது யார்?' அதற்கு முன்னால் எல்லோரும் கண் கலங்கிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. 1758-ல் புத்தகமாக வந்தது. கேள்வி எழவில்லை. இத்தனைக்கும் அந்தப் புத்தகத்திலேயே, அறையில் அடைக்கச் சொன்னது நவாப் அல்ல, கீழே இருந்த ஜமேதார்கள்தான் என்கிற மாதிரிதான் அவர் எழுதியிருக்கிறார். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. 123 என்ற எண் மட்டும் நின்றுவிட்டது.

தூணுக்கும் ஒரு தனிக்கதை உண்டு. ஹால்வெல் கட்டியதை 1821 வாக்கில் வெள்ளைக்காரர்களே இடித்தார்கள். 1902-ல் கர்சன் பிரபு பளிங்கில் மறுபடி கட்டி டல்ஹௌசி சதுக்கத்தில் நிறுத்தினார். 1940-ல் சுபாஷ் சந்திர போஸ் 'இந்தப் பொய் எங்கள் ஊர் நடுவில் நிற்கக் கூடாது' என்று போராட்டம் அறிவித்தார். ஜூலை 2-ல் அவரைக் கைது செய்தார்கள். ஆனாலும் தூணை அங்கிருந்து பெயர்த்து இந்தச் சர்ச்சுக்குள் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். அந்தக் கைதில்தான் போஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 1941 ஜனவரியில் எல்ஜின் ரோடு வீட்டிலிருந்து தப்பியது. எப்படி? ஜியாவுதீன் என்ற பெயரில், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வேஷத்தில்! ஒரு பொய்யை எதிர்த்து உள்ளே போனவர் இன்னொரு பொய்யால் தப்பினார். (இந்தப் பொய்யை மட்டும் நான் இரண்டு கையாலும் கும்பிடுவேன்.)

"சரிடா, கள்ளக் கையெழுத்துன்னு சொன்னியே?" சித்தப்பா பொறுமை இழந்துவிட்டார். வாட்சன் கல்லறை பக்கம் நகர்ந்தோம்.

கல்கத்தா போன செய்தி மெட்ராஸுக்கு எட்டியதும் 1756 அக்டோபர் 16-ல் அங்கிருந்து கப்பல்கள் கிளம்பின. கடற்படைக்கு வாட்சன். தரைப்படைக்கு ராபர்ட் கிளைவ். 1744-ல் மெட்ராஸுக்கு கம்பெனி குமாஸ்தாவாக வந்து, ஆற்காட்டில் பெயர் வாங்கி, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி சர்ச்சில் 1753-ல் கல்யாணம் செய்துகொண்ட அதே கிளைவ். கூடவே நம் பக்கத்துச் சிப்பாய்களும் கப்பலேறினார்கள். வங்காளிகள் அவர்களை 'தெலிங்கா' என்றார்கள். ஆக இந்த ஊருக்கு வேலை தேடி வந்த மதராஸிகளில் நான் ரொம்ப லேட்.

1757 ஜனவரி 2-ல் கல்கத்தா திரும்பவும் கம்பெனி கையில். ஆனால் கிளைவுக்கு அது போதவில்லை. நவாபையே மாற்ற வேண்டும். நவாபின் தளபதி மீர் ஜாபர் தயார். முர்ஷிதாபாத்தின் பெரிய வட்டிக்கடை ஜகத் சேட் குடும்பமும் தயார். நவாப் அரசவையில் இருந்த கம்பெனி ஏஜெண்ட் வில்லியம் வாட்ஸ் (வாட்சன் வேறு, இந்த வாட்ஸ் வேறு) ரகசியமாகப் பேசி முடித்தார். நடுவில் தரகர், அமீர்சந்த். ஆங்கிலேயர்கள் வாயில் ஓமிசந்த். பஞ்சாப் பக்கத்திலிருந்து வந்து கல்கத்தாவில் கோடீஸ்வரரானவர். முந்தின வருஷம் நவாப் படையெடுத்தபோது 'நீ அவன் ஆள்' என்று சந்தேகப்பட்டு இவரைக் கோட்டைச் சிறையில் போட்டவர்கள் இதே கம்பெனிக்காரர்கள்தான். இப்போது அவர் தயவு தேவைப்பட்டது.

அமீர்சந்தும் லேசுப்பட்டவர் இல்லை. எல்லாம் பேசி முடித்த பிறகு, எனக்கு 30 லட்சம் வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் நவாப் காதுக்குப் போகும் என்றார். போனால் வாட்ஸ் தலை போகும், மீர் ஜாபர் தலை போகும். சுத்தமான மிரட்டல். அதை மறைக்க வேண்டாம்.

கிளைவ் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒப்பந்தம் இரண்டு காகிதத்தில் எழுதப்பட்டது. வெள்ளைக் காகிதம் அசல். கம்பெனிக்கு 1 கோடி, கல்கத்தாவின் ஆங்கிலேயர்களுக்கு 50 லட்சம், இந்த ஊர்வாசிகளுக்கு 20 லட்சம், ஆர்மீனியர்களுக்கு 7 லட்சம். அமீர்சந்த் பெயரே கிடையாது. சிவப்புக் காகிதம் போலி. அதில் அமீர்சந்துக்கு 20 லட்சம் என்று ஒரு வரி கூடுதல். கமிட்டிக்காரர்கள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒருவர் மட்டும் மறுத்தார். வாட்சன். வெள்ளையில் போட்டார், சிவப்பில் மாட்டேன் என்றுவிட்டார். அட்மிரல் கையெழுத்து இல்லையென்றால் அமீர்சந்துக்குச் சந்தேகம் வரும். கிளைவ் உத்தரவில் வாட்சன் பெயரை இன்னொருவர் எழுதினார்: ஹென்றி லஷிங்டன், இருபது வயது கூட நிரம்பாத கம்பெனி எழுத்தர். இந்தப் பையன் யார் தெரியுமா? முந்தின ஜூனில் அந்த இருட்டறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் ஒருவன். அந்த இரவைக் கண்டவன் கையில் பதினொரு மாதம் கழித்து இந்தப் பேனா. 1763-ல் பாட்னாவில் மீர் காசிம் கைதிகளைக் கொன்றபோது அவனும் போய்விட்டான்.

சித்தப்பா நின்றுவிட்டார். "ரெண்டு காகிதமும் ஒரே நாள்ல எழுதினதா? இவன் அசலைக் கேக்கவே இல்லையா?"

அதுதான். சிவப்பைக் காட்டினார்கள், எல்லாக் கையெழுத்தும் இருந்தது, நம்பிவிட்டார்.

1757 ஜூன் 23, பிளாசி. மீர் ஜாபர் ஒதுங்கி நிற்க, சிராஜ் தோற்று ஓடி, பிறகு கொல்லப்பட்டார். ஜூன் 30-ல் முர்ஷிதாபாத்தில் ஜகத் சேட் வீட்டில் கணக்குத் தீர்க்கக் கூடினார்கள். வெள்ளைக் காகிதம் வாசிக்கப்பட்டது. கிளைவ் தன் ஆள் ஸ்கிராஃப்டனிடம், இனி அமீர்சந்திடம் சொல்லிவிடலாம் என்றார். ஸ்கிராஃப்டன் இந்துஸ்தானியில் சொன்னார்: சிவப்புக் காகிதம் ஏமாற்று, உனக்கு ஒன்றும் கிடையாது.

இதற்குப் பிறகு வருவதை நாம் மெக்காலே உபயத்தில் படித்திருக்கிறோம். அமீர்சந்த் அங்கேயே மயங்கி விழுந்தார், புத்தி பேதலித்தது, பட்டும் நகையும் போட்டுக்கொண்டு குழந்தை மாதிரி திரிந்து செத்தார் என்று. உருக்கமான முடிவு. ஆனால் அந்த ஆகஸ்டில் கிளைவே லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், அமீர்சந்த் இன்னும் கம்பெனிக்கு உபயோகப்படக்கூடியவர், அடியோடு ஒதுக்க வேண்டாம் என்கிறார். புத்தி கெட்டவரைப் பற்றி யாராவது அப்படி எழுதுவார்களா? 1758-ல் இறந்த அமீர்சந்த், லண்டனில் இருந்த அனாதைக் குழந்தைகள் விடுதிக்குக்கூட உயிலில் பணம் ஒதுக்கியிருக்கிறார். பைத்தியம் எழுதும் உயிலா அது? ஏமாற்றப்பட்டவன் அழிந்தே போனான் என்றால்தான் கதை கதையாக இருக்கும். அடி வாங்கிய மறுவாரமும் எழுந்து கடையைத் திறந்தான் என்றால் யாருக்குச் சுவாரசியம்? கிளைவைக் கண்டிக்கப் போன இடத்திலும் ஒரு பொய் ஒட்டிக்கொண்டது, பாருங்கள்.

சரி, கிளைவ் ஏன் செய்தார்? 1772-ல் லண்டன் பார்லிமெண்ட் கமிட்டி அவரைக் கூப்பிட்டு இதைத்தான் கேட்டது. மழுப்புவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் மழுப்பவில்லை. நான் அதை ரகசியமாக வைத்ததே இல்லை, அந்த நிலைமையில் அது சரிதான், திரும்பவும் நூறு தடவை செய்வேன் என்றார். எனக்கு அதில் சொந்த லாபம் எதுவுமில்லை, ஒரு பேராசைக்காரனை ஏமாற்றவே செய்தேன் என்றும் சொன்னார்.

சொந்த லாபம் இல்லையாம். அதே கமிட்டியின் கணக்கில் பிளாசிக்குப் பிறகு கிளைவ் மீர் ஜாபரிடம் வாங்கிய தொகை இருக்கிறது: 20 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அமீர்சந்துக்குச் சிவப்புக் காகிதத்தில் எழுதியது எவ்வளவு? 20 லட்சம். இதைப் படித்த அன்றைக்கு நான் கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டேன்.

மிரட்டலைத் தடுக்க அவசரத்துக்கு ஒரு பொய் என்றால், ஆள் உயிர் போகும் நேரத்தில் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஜெயித்த பிறகு, பயம் தீர்ந்த பிறகு, பணம் கொட்டிக் கிடக்கும் அறையில் உட்கார்ந்து 'உனக்கு ஒன்றும் கிடையாது' என்று சொல்ல வைத்தாரே, அதற்கு எந்த அவசரம்? கறுப்பு வியாபாரிக்குக் கொடுத்த வாக்கு வாக்கே இல்லை என்ற நினைப்புதான், என்னைக் கேட்டால். வாட்சனிடமோ இன்னொரு ஆங்கிலேயரிடமோ இதைச் செய்திருந்தால் நூறு தடவை செய்வேன் என்று பார்லிமெண்டில் எழுந்து நின்று சொல்லியிருக்க முடியாது.

தண்டனை? 1773-ல் பார்லிமெண்ட், கிளைவ் பெரும் பணம் பெற்றார் என்று பதிவு செய்தது, நாட்டுக்கு மகத்தான சேவை செய்தார் என்றும் சேர்த்துப் பதிவு செய்தது. அவ்வளவுதான். ஏற்கெனவே 1762-ல் பிளாசி பெயரிலேயே பிரபுப் பட்டம் வாங்கியாகிவிட்டது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1775 ஆகஸ்ட் 5-ல், இதே கல்கத்தாவில் மகாராஜா நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று புகார் கொடுத்தவர். நீதிபதி எலிஜா இம்பே. ஆங்கிலேயச் சட்டப்படி தீர்ப்பு. குற்றம் என்ன தெரியுமா? ஒரு கடன் பத்திரத்தில் ஃபோர்ஜரி.

சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "எங்க ஆபீஸ்லயும் பாத்திருக்கேண்டா" என்று மட்டும் சொன்னார். மேலே கேட்கவில்லை.

ஹால்வெலை விட்டுவிட்டோமே! 1760-ல் கிளைவ் ஊருக்குப் போனதும் சில மாதம் தற்காலிக கவர்னராக இருந்தவர் அவர்தான். மீர் ஜாபரை இறக்கிவிட்டு மீர் காசிமை ஏற்றும் யோசனை அவருடையது. அதற்குக் காரணம் வேண்டுமே? மீர் ஜாபர் டாக்காவில் இன்னின்னாரைக் கொன்றார் என்று பெயர்களோடு ஒரு கொலைப் பட்டியல் எழுதினார். ஆட்சி மாறியது. ஹால்வெலுக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் வந்தது. பிறகு 1765-ல் கிளைவ் திரும்ப கவர்னராக வந்தார். அவரும் அவருடைய கவுன்சிலும் லண்டன் இயக்குநர்களுக்கு எழுதினார்கள்: ஹால்வெல் சொன்ன படுகொலைகளில் உண்மை துளியும் இல்லை, செத்ததாக அவர் எழுதியவர்களில் இரண்டு பேர் தவிர மற்ற எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், அந்த இருவரையும் கொன்றது மீர் ஜாபர் மகன் மீரான், தகப்பனுக்குத் தெரியாமல் என்று.

ஆக, ஹால்வெல் இல்லாத பிணங்களை எண்ணக்கூடியவர் என்று எழுத்தில் பதிவு செய்தது யார்? சிவப்புக் காகிதம் எழுதிய கிளைவ்! ஆனால் 123 என்ற எண்ணை மட்டும் அவர் நோண்டவில்லை. எப்படி நோண்டுவார்? அந்த எண்ணைச் சொல்லித்தானே பிளாசியை நியாயப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறிவிட்டது. வாட்சன் கல்லறையில் மூன்று வெற்றிகள் பொறித்திருக்கிறார்கள்: கெரியா, கல்கத்தா, சந்தன்நகர். 1757 ஆகஸ்ட் 16-ல், பிளாசி முடிந்து இரண்டு மாதம் கூட ஆகாமல், வயது 43-ல் போய்விட்டார். கல்லில் சிவப்புக் காகிதம் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

"இந்த மனுஷன் நல்லவர்னு சொல்றியா?" என்றார் சித்தப்பா.

போட மாட்டேன் என்று சொன்னாரே, என்றேன். ஆனால் 1772 விசாரணையில் கிளைவ் வேறு ஒன்றும் சொன்னார்: என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று காகிதத்தைக் கொண்டுபோனவரிடம் வாட்சன் அனுமதி கொடுத்ததாகத் தனக்கு ஞாபகம் என்று. வாட்சன் இறந்து 15 வருஷம் ஆகியிருந்தது. லஷிங்டனும் இல்லை. அமீர்சந்தும் இல்லை.

"அதாவது தன் கையால போடல. ஆனா போடறாங்கன்னு தெரியும். அமீர்சந்த்கிட்ட ஆள் அனுப்பிச் சொல்லவும் இல்ல."

"சொன்னதா எங்கயும் இல்ல சித்தப்பா."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கல்லில் இருந்த பெயரை ஆபீஸில் கையெழுத்து ஒப்பிடுகிற மாதிரி குனிந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பிறகு, "பசிக்குது, முருங்கைக்காய் கடை எத்தனை மணி வரைக்கும்?" என்றார்.